செம்பனைக்குள் போகும் கோடு: தெரியாத சாலையில் ஓட்ட எந்த சைக்கிள் ஜிபிஎஸ்?

ஈப்போவிலிருந்து வடக்கே கோல கங்சாருக்குக் காரில் போக இரண்டு வழி உண்டு. சைக்கிளில் போக ஒன்றுதான். ஜெலாப்பாங் பக்கம் மலையேறி மெனோரா சுரங்கப்பாதைக்குள் நுழையும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. மிஞ்சுவது பழைய கூட்டரசுச் சாலை, எண் 1. ஈப்போவுக்கு வடக்கே ஏறக்குறைய 16 கிலோமீட்டரில் செமோர், பிறகு சுங்கை சிப்புட், பிறகு கோல கங்சார் என்று அது மலையைச் சுற்றிக்கொண்டு போகிறது. காந்தான் சிமெண்ட் ஆலைக்கும் சுண்ணாம்புக்கல் மலைகளுக்கும் போய்வரும் லோரிகளுக்கும் அதே சாலைதான். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஓட்டிப் பார்த்தால் இதைவிட நல்ல சாலை உண்டா என்று தோன்றும். வேலை நாளில், வெயில் ஏறிய பிறகு, பின்னால் லோரி ஹாரன் அடிக்கும்போது அந்த எண்ணம் மாறிவிடும்.

அதனால் செமோர் வட்டாரத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு உள்சாலை ஆசை சீக்கிரமே வந்துவிடுகிறது. கிழக்கே தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் போகும் கிளைச் சாலைகள். சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே லாசா, லிந்தாங் என்று போகும் சாலைகள். செம்பனை நிழல், ஆற்றுப் பாலம், தூரத்தில் தித்திவாங்சா மலைத்தொடர். ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் இருந்து வருகிறவர்களுக்கு இந்தச் சாலைகள் பழக்கமில்லை. உள்ளூர்க்காரர்களுக்கே பாதிதான் தெரியும். ஹேண்டில்பாரில் ஒரு ஜிபிஎஸ் மாட்டிக்கொண்டால் நல்லது என்று எல்லோரும் யோசிப்பது இங்கேதான்.

கடைக்குப் போனால் திரை எவ்வளவு பெரிது, எத்தனை சென்சார் சேரும் என்பதைத்தான் முதலில் காட்டுவார்கள். வேகம், இதயத்துடிப்பு, பெடல் சுற்று, வாட் இவற்றையெல்லாம் மலிவுக் கருவியே காட்டிவிடும். தெரியாத சாலையில் உங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு. அடுத்த சந்தியில் இடமா வலமா? தவறிப் போனால் திரும்ப எப்படிச் சேர்வது? முன்னால் தெரியும் அந்தப் பாதை கடைசிவரை போகுமா, பாதியில் கேட்டில் முடியுமா? முதல் இரண்டுக்கும் கருவி பதில் சொல்லும். மூன்றாவதற்குக் கருவிக்குள் இருக்கும் வரைபடம்தான் பதில் சொல்ல வேண்டும். பேராக்கின் பழைய தோட்டப் பகுதிகளில் ஆளைத் தவிக்கவிடுவதும் அந்த மூன்றாவதுதான். எனவே வரைபடத்தைப் பார்த்துத்தான் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

தோட்டச் சாலை என்ன சாலை?

தோட்டச் சாலை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக வேண்டும் என்று போட்டதல்ல. வெட்டிய பால் கொட்டகைக்கு வர வேண்டும், துரை டிவிஷன் சுற்ற வேண்டும், பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கு முடிந்ததும் ஆட்கள் நிரைக்குப் போக வேண்டும். அதற்காகப் போட்ட சாலை தோட்ட எல்லையோடு நின்றுவிடும். அதன் பிறகு நிலம் கைமாறிய கதையும் சேர்ந்துகொண்டது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். தொழிலாளர்கள் வேலையையும் லயத்தையும் ஒன்றாக இழந்தார்கள். சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்தத் துண்டாடலுக்கு எதிராகத்தான். துண்டாடலில் சாலைகளும் பங்குபோயின. ஒரே தோட்டத்துக்குள் ஓடிய சாலை மூன்று நான்கு முதலாளிகளின் நிலம் வழியாகப் போகிற சாலையானது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய்த் தாமான் வந்தது. சில சாலைகளுக்குத் தார் போட்டார்கள், சிலவற்றுக்குக் கேட் போட்டார்கள், சிலவற்றைக் கைவிட்டார்கள்.

இவை எல்லாமே வரைபடத்தில் கோடாக இருக்கின்றன. இன்று விற்கும் சைக்கிள் ஜிபிஎஸ் கருவிகளில் பெரும்பாலானவை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாகக் கொண்டவை. இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் 2004-இல் தொடங்கிய திட்டம் இது. யார் வேண்டுமானாலும் அதில் சாலை வரையலாம், திருத்தலாம். பலர் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து வரைகிறார்கள். வானத்திலிருந்து பார்த்தால் பழக்குலை ஏற்றும் செம்மண் பாதையும் கம்பத்துக்குப் போகும் பொதுப்பாதையும் ஒரே வெளிர்க்கோடுதான். தார் போட்டதா, பூட்டியிருக்கிறதா, நாய் துரத்துமா என்பதெல்லாம் மேலிருந்து தெரியாது. தெரியாததை வரைபவர் குறிக்காமல் விடுகிறார். குறிப்பு இல்லாததால் வழி கணக்கிடும் மென்பொருள் அதையும் போகக்கூடிய சாலையாக எடுத்துக்கொள்கிறது. லோரி ஓடும் கூட்டரசுச் சாலையைத் தவிர்க்கச் சொல்லிக் கேட்டால் உங்களைச் செம்பனைக்குள் அனுப்பிவிடுகிறது.

ரயில் பாதையிலும் இதே கதை. ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை 329 கிலோமீட்டருக்கு இரட்டைத் தண்டவாளம் போட்டு மின்மயமாக்கிய வேலை 2014-இல் முடிந்தது. ரயில்கள் வேகமாக ஓட வேண்டும் என்பதால் தண்டவாளத்தைச் சாலை நேராகக் குறுக்கிடும் கடவைகளை எடுத்துவிட்டு மேம்பாலம் கட்டினார்கள். பழைய வரைபடம் ஏற்றிய கருவி தண்டவாளத்துக்குக் குறுக்கே நேராகக் கோடு போடும். அங்கே இன்று வேலிதான் இருக்கும்.

மூன்று வகைக் கருவிகள்

விலையையும் பெயரையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், வழி காட்டும் சைக்கிள் கருவிகள் மூன்று வகைதான்.

முதல் வகை கோடு மட்டும் காட்டும். கார்மின் எட்ஜ் 130 பிளஸ் இந்த வகை. 1.8 அங்குலத் திரை, வெற்று வெள்ளை, நடுவில் நீங்கள், முன்னால் நீங்கள் ஏற்றி வந்த பாதையின் கோடு. ஊர்ச் சாலையில் இது சமாளிக்கும். தோட்டத்துக்குள் ஒரு சந்தியில் நின்று பாருங்கள். திரையில் கோடு வலப்பக்கம் வளைகிறது. தரையில் வலப்பக்கம் மூன்று வழி: ஒன்று தார், ஒன்று செம்மண், மூன்றாவது யாருடைய வீட்டு வாசலுக்கோ போகிறது. கோடு இந்த மூன்றில் எது என்று தெரிய இருபது முப்பது மீட்டர் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள சாலைகளும் திரையில் தெரிந்தால் நின்ற இடத்திலேயே புரிந்துவிடும்.

இரண்டாவது வகை, திரும்பும் இடங்களைச் சொல்லும், ஆனால் கணக்கைக் கைப்பேசியிடம் விட்டுவிடும். கைப்பேசிச் செயலி வழியைப் போட்டுக் கருவிக்கு அனுப்பும். பாதை தவறினால் மறுபடி கைப்பேசிதான் கணக்குப் போட வேண்டும். லிந்தாங் பக்கம் மலையோரத்தில் அலை விட்டுவிட்டு வரும் இடத்தில் இது கைகொடுக்காது.

மூன்றாவது வகையில் முழு வரைபடமும் கருவிக்குள்ளேயே இருக்கும். பாதை தவறினால் அலை இல்லாமலே புது வழி போடும். தெரியாத சாலைகளில் அடிக்கடி ஓட்டுவீர்கள் என்றால் இந்த வகையைவிடக் கீழே போகாதீர்கள். சேமித்த காசு பூட்டிய முதல் கேட்டிலேயே போய்விடும். மாதத்துக்கு ஒரு முறை, அதுவும் நண்பர்களோடு ஓட்டுகிறவருக்கு இந்தச் செலவே தேவையில்லை. கோமூட் அல்லது ரைட் வித் ஜிபிஎஸ் செயலியில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிக்கொண்டு, கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டு, குரல் வழிகாட்டலைக் கேட்டுக்கொண்டே ஓட்டலாம். ஹேண்டில்பாரில் கைப்பேசியை வெயிலில் மாட்டி வைப்பதைத்தான் நான் விரும்புவதில்லை. நம்மூர் உச்சி வெயிலில் அது சூடேறித் திரையை மங்கலாக்கிவிடும். மின்கலமும் வேகமாக இறங்கும். அவசரத்துக்கு வீட்டுக்குப் பேச வேண்டிய கருவி அதுதான்.

மூன்றாவது வகையில் அதிகம் புழங்குபவற்றில் கார்மின் எட்ஜ் 540, 840 இரண்டையும் சொல்லலாம். 2023-இல் வந்தவை. அறிமுக விலை 350, 450 டாலர். 540-இல் பொத்தான்கள் மட்டும். 840-இல் பொத்தானும் தொடுதிரையும் உண்டு, சேமிப்பிடம் இரட்டிப்பு. மற்றபடி இரண்டும் ஒன்றே. 2022-இல் வந்த எட்ஜ் எக்ஸ்ப்ளோர் 2 பயிற்சி விவரங்களைக் குறைத்து வழிகாட்டலை முன்வைத்த கருவி, மூன்று அங்குலத் திரை. போட்டிக்குப் பயிற்சி எடுக்காதவர் 840-ஐ விட்டுவிட்டு இதைப் பார்க்கலாம். வாஹூவின் போல்ட், ரோம் கருவிகளைக் கைப்பேசிச் செயலியிலேயே அமைக்கலாம், பழகுவது எளிது. திரைக்கு மேலே வரிசையாக இருக்கும் சிறு விளக்குகள் திரும்ப வேண்டிய பக்கமாக மினுங்கும். வேகத்தில் இறங்கும்போது திரையைக் கூர்ந்து பார்க்க வேண்டியதில்லை என்பதால் எனக்கு அது பிடிக்கும். ஹேமர்ஹெட் கரூவின் திரைதான் இவற்றுள் வரைபடத்தைத் தெளிவாகக் காட்டுகிறது, ஆனால் மின்கலம் மற்றவற்றைவிடச் சீக்கிரம் தீரும்.

தைவானின் பிரைட்டன், சீனாவின் ஐஜிபிஸ்போர்ட், மஜீன் போன்றவை இவற்றின் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. ஒதுக்கிவிட வேண்டாம். ஆனால் ஒவ்வொரு மாடலுக்கும் வசதி மாறுவதால் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்: “கைப்பேசியை அணைத்துவிட்டு, போட்ட வழியைவிட்டு விலகினால், இது தானாகப் புது வழி போடுமா? தென்கிழக்காசிய வரைபடம் உள்ளே இருக்கிறதா, இலவசமாக ஏற்றலாமா?” வெளிநாட்டிலிருந்து வாங்கிவரச் சொல்கிறவர்களுக்கும் இரண்டாவது கேள்வி முக்கியம். சில கருவிகள் வாங்கிய நாட்டு வரைபடத்தோடு மட்டும் வரும். கார்மின் பழைய மாடல் வைத்திருப்பவர்களுக்கு ஆறுதல், மலேசியா சிங்கப்பூருக்கென்று ஆர்வலர்கள் சேர்ந்து இலவசமாக உருவாக்கிய மால்சிங்மேப்ஸ் வரைபடம். இந்நாட்டுச் சாலைகளைச் சொந்தக் காலால் அளந்தவர்கள் அதில் உழைத்திருக்கிறார்கள்.

மழை, மலை, மின்கலம்

மூன்று சின்ன விஷயங்கள், செமோரைச் சுற்றி ஓட்டும்போது பெரிதாகிவிடுகின்றன.

கிந்தாப் பள்ளத்தாக்கில் பிற்பகல் இடிமழை வழக்கமானது. தொடுதிரையில் மழைத்துளி விழுந்தால் கருவி அதையும் விரல் என்று எடுத்துக்கொள்ளும். வரைபடம் தானாக நகரும், பெரிதாகும், சில நேரம் பயணப் பதிவையே நிறுத்திவிடும். வியர்வை வழியும் விரலும் அப்படித்தான். திரும்ப வேண்டிய சந்தி வரும் நேரத்தில் துடைத்துக்கொண்டு நிற்க முடியாது. பொத்தான் மட்டும் உள்ள கருவிக்கு இங்கே ஒரு படி மேலான மதிப்பு. 540-ஐ நான் 840-க்கு முன்னால் வைப்பதும் இதனால்தான்.

அடுத்தது மலை. ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே 2-ஆம் தேதி நீக்கியது. அதுவரை நூறு மீட்டர் தள்ளிக் காட்டிய கருவி சில மீட்டருக்குள் வந்தது. இன்றைய கருவிகள் ரஷ்யா, ஐரோப்பா, சீனாவின் செயற்கைக்கோள்களையும் சேர்த்துப் படிக்கின்றன. பெரும்பாலான சாலைகளுக்கு இதுவே போதும். ஆனால் செங்குத்தாக எழும் சுண்ணாம்புக்கல் மலையின் ஓரமாக ஓட்டும்போது சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி வருகிறது, கருவி உங்களைப் பக்கத்துச் சாலையில் இருப்பதாகக் கணக்கிடுகிறது. பழைய சாலையும் புதுச் சாலையும் இணையாக ஓடும் இடங்களில் குழப்பம் அதிகம். இரண்டு அலைவரிசைகளைப் படிக்கும் கருவிகள் இதைக் குறைக்கின்றன, எட்ஜ் 540-இலும் 840-இலும் அது உண்டு. இருந்தால் நல்லது. அதற்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

மின்கலத்தைப் பொறுத்தவரை, கம்பெனி சொல்லும் மணிக்கணக்கை நம்பி அளவிடாதீர்கள். 540-க்கு 26 மணி நேரம் வரை என்கிறார்கள். வரைபடம் திறந்து, வெளிச்சம் கூட்டி, இரண்டு அலைவரிசையும் ஓடும்போது அது வெகுவாகக் குறையும். காலையில் கிளம்பி மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிறவருக்கு எந்தக் கருவியும் போதும். நெடுந்தூர ஆடாக்ஸ் ஓட்டங்களுக்குப் போகிறவர் அதன் காலவரம்பை வைத்து யோசிக்க வேண்டும்: 200 கிலோமீட்டருக்கு 13.5 மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40. இரவிலும் ஓட்ட வேண்டியிருக்கும், அப்போது திரை விளக்கும் எரியும். சூரியசக்தி மாடலுக்குக் கூடுதல் விலை கொடுப்பதைவிடச் சிறு பவர்பேங்க் ஒன்றைச் சைக்கிள் சட்டத்துப் பையில் வைத்துக்கொள்வது மேல். செம்பனை நிழலில் சூரியசக்தி எவ்வளவுதான் சேரும்?

இந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றுக்கு மட்டும் காசு ஒதுக்கச் சொல்வேன்: பின்பக்க ரேடார். கார்மின் வேரியா போன்றவை சீட்டுக்குக் கீழே உட்கார்ந்து, பின்னால் 140 மீட்டர் வரை வரும் வண்டியைக் கண்டு, ஹேண்டில்பார்த் திரையின் ஓரத்தில் புள்ளியாக ஏற்றிக் காட்டும். உள்சாலை எவ்வளவு தேடினாலும் கூட்டரசுச் சாலையில் சில கிலோமீட்டராவது ஓட்டித்தான் ஆக வேண்டும். காந்தானுக்கும் செமோருக்கும் இடையே லோரி வருவதை முன்கூட்டியே அறிந்து ஓரம் ஒதுங்குவது உயிர்க் காரியம். நீங்கள் வாங்கும் கருவி ரேடாரோடு சேருமா என்று பார்த்து வாங்குங்கள்.

வழியை வீட்டில் போடுங்கள்

நல்ல கருவி வாங்கிவிட்டு, காலையில் கிளம்பும்போது ஹேண்டில்பாரிலேயே “கோல கங்சார்” என்று தேடி, அது காட்டும் வழியில் போகிறவர்களைப் பார்க்கிறேன். அது நகரத்துக்குச் சரி. இங்கே வழியை முந்தைய இரவு வீட்டில் போட வேண்டும். கோமூட்டும் ரைட் வித் ஜிபிஎஸ்ஸும் வழியின் தரை எப்படி என்று பிரித்துக் காட்டும்: இவ்வளவு தார், இவ்வளவு மண், இவ்வளவு தெரியாதது. நம் வட்டாரத்தில் அந்தத் “தெரியாதது” எங்கே விழுகிறது என்று பெரிதாக்கிப் பாருங்கள். செம்பனைக்கு நடுவில் விழுந்தால் வழியை மாற்றுங்கள். ஸ்ட்ராவாவின் வெப்ப வரைபடம் இன்னொரு உதவி. மற்றவர்கள் ஓட்டிய சாலைகள் அதில் ஒளிரும். யாருமே ஓட்டாத சாலை இருளாக இருக்கும். கோடு இருந்தும் ஒளி இல்லையென்றால் கேட் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளலாம். அதே நேரம், மவுண்டன் பைக்காரர்கள் ஓட்டிய செம்மண் பாதையும் ஒளிரும் என்பதை மறக்க வேண்டாம். ஒல்லி டயர் போட்ட ரோட் பைக்குக்கு அது ஆகாது.

போட்ட வழியைக் கருவிக்கு மாற்றும்போது இன்னொரு கவனம். ஜிபிஎக்ஸ் கோப்பில் பெரும்பாலும் புள்ளிகள் மட்டும்தான் இருக்கும். எங்கே திரும்புவது என்பதைக் கருவி தன் வரைபடத்தோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். வரைபடம் இல்லாத கருவிக்கு, திருப்பக் குறிப்புகளும் சேர்ந்த டிசிஎக்ஸ் அல்லது ஃபிட் கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் கேட் வரும். சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் ஓர் ஒட்டுக்கடையில் தே ஓ குடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேசையில் இரண்டு பையன்கள் ஜிபிஎஸ் திரையைக் காட்டிக் கடைக்கார அம்மாவிடம் வழி கேட்டார்கள். அவர் திரையைப் பார்க்கவே இல்லை.

“அந்தக் கேட்டு பூட்டியிருக்கும் தம்பி. பழைய பெரட்டுக் களம் இருக்கில்ல, அங்க சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க. ரெண்டாவது டிவிஷன் மாரியம்மன் கோயிலு வரும். அதத் தாண்டினா தார் ரோடு.”

“பெரட்டுக் களம்னா எதுங்கம்மா?”

“இப்ப ஒண்ணும் இல்லப்பா. பெரிய வேப்பமரம் நிக்கும், அதான்.”

அவர் சொன்ன எதுவும் எந்தக் கருவியிலும் இல்லை. தோட்டம் போய்விட்டாலும் தமிழர்கள் அந்த இடங்களை இன்றும் டிவிஷன் கணக்கில், கட்டைக் கணக்கில், கோயில் கணக்கில்தான் சொல்கிறார்கள். செமோரில் ஸ்ட்ராத்திஸ்லா, சுங்கை சிப்புட் பக்கம் எல்பில், டோவன்பி என்று பழைய தோட்டங்களின் பெயர் இன்னும் தமிழ்ப்பள்ளிகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1948 ஜூன் 16-ஆம் தேதி, அவசரகாலத்துக்கு இட்டுச்சென்ற துப்பாக்கிச் சூட்டால் நாட்டு வரலாற்றில் ஏறிய எல்பில்லை இன்றைய பிள்ளைகள் பலர் பள்ளிப் பெயராகத்தான் அறிவார்கள். இந்தப் பெயர்களையும் அடையாளங்களையும் வைத்திருப்பவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இவற்றைச் சேர்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இலவசக் கணக்கு ஒன்று போதும். பூட்டிய கேட்டைக் கேட்டாகக் குறிக்கலாம், தனியார் பாதையைத் தனியார் என்றும் மண் பாதையை மண் என்றும் பதியலாம். கோயிலைச் சேர்க்கலாம். ஒவ்வோர் இடத்துக்கும் மலாய்ப் பெயருக்குப் பக்கத்தில் தமிழ்ப் பெயருக்கென்று தனிக் கட்டம் இருக்கிறது. பெரும்பாலான சைக்கிள் கருவிகள் இன்றைக்கு அந்தத் தமிழ்ப் பெயரைக் காட்டுவதில்லை, ஆனால் பதிந்து வைத்தது அங்கேயே இருக்கும். தாத்தா பாட்டியோடு உட்கார்ந்து ஒரு பிற்பகலில் ஒரு தோட்டத்தை முடித்துவிடலாம். சைக்கிளில் போய் நேரில் பார்த்து வந்தால் இன்னும் சரியாக இருக்கும்.

நீங்கள் குறித்த கேட் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் சில நிமிடங்களில் தெரியும். வழி போடும் செயலிகளுக்குச் சில நாட்களிலோ வாரங்களிலோ போய்ச் சேரும். ஹேண்டில்பார்க் கருவிகளுக்கு, அந்தந்தக் கம்பெனி வரைபடத்தைப் புதுப்பித்து, நீங்களும் வைஃபையிலோ கணினியிலோ இணைத்து இறக்கிய பிறகுதான் வரும். அதற்குச் சில மாதங்கள் ஆகலாம். உங்கள் கருவியில் கடைசியாக எப்போது வரைபடத்தைப் புதுப்பித்தீர்கள் என்று அமைப்புகளில் போய்ப் பாருங்கள். ஓராண்டு தாண்டியிருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை செமோர் பக்கம் கிளம்புவதற்கு முன் அதை முடித்துவிடுங்கள்.